பழைய வரிசைக்கும் பிழைத்திருத்தம் தர நான் கடமைப்பட்டவனா?

கோவையில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரியும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கல்லூரி இறுதியாண்டில் தொடங்கிய பைத்தான் லைப்ரரி (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்றை, வேலை முடிந்து வீடு திரும்பிய பின் இரவு நேரங்களில், ஏறக்குறையத் தனி ஆளாகவே பராமரித்து வருகிறார். மின் அளவிகள் அனுப்பும் பதிவுக் கோப்புகளைப் படித்துத் தரும் லைப்ரரி அது. யாரும் எடுத்துப் பயன்படுத்த இடம்தரும் எம்ஐடி என்ற திறமூல உரிமத்தில் வெளியாகியுள்ளது. பழைய இரண்டாம் பதிப்பு வரிசை, இப்போது பரிந்துரைக்கப்படும் மூன்றாம் வரிசை, இன்னும் வெளிவராத 4.0 என்று மூன்றையும் அவரே சுமக்கிறார். லைப்ரரியின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் "இரண்டாம் வரிசைக்கும் ஆதரவு உண்டு" என்று எப்போதோ எழுதியதைத் தவிர, எது எதுவரை பராமரிக்கப்படும் என்று எங்கும் சொல்லவில்லை.

சிக்கல் இதுதான். அளவியிலிருந்து கோப்பு வந்துகொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், கடைசிப் பதிவு பாதியில் நின்றுவிடும். அந்தக் கோப்பைப் படிக்கும் லைப்ரரி, பாதிப் பதிவை யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. புதிய நிரல் வளரும் முதன்மைக் கிளையில் வாசகர் இதைச் சரிசெய்துவிட்டார். இப்போது அங்கே எக்செப்ஷன், அதாவது கவனிக்காவிட்டால் நிரலையே நிறுத்திவிடும் பிழை அறிவிப்பு, எழும். ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு நிறுவனம், தாங்கள் இன்னும் இரண்டாம் வரிசையில்தான் இருப்பதாகவும், இரண்டு வாரத்துக்குள் அதற்கும் திருத்தம் வர வேண்டும் என்றும், ஐரோப்பியச் சட்டப்படி அது இவருடைய பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறது. ஆர்வலர் ஒருவர் அந்தக் கமிட்டை (பதிவான நிரல் மாற்றத்தை) மட்டும் பழைய கிளைக்கு எடுத்து, அதாவது செர்ரி-பிக் செய்து, இரு கிளைகளின் வரிகளும் ஒத்துப்போகாத மோதல்களைக் கையால் தீர்த்து, "டெஸ்ட் எல்லாம் பாஸ்" என்று அனுப்பியிருக்கிறார். முன்பின் அறிமுகமில்லாத இன்னொருவர், வெளியிடும் உரிமையைத் தந்தால் இரண்டாம் வரிசையைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஜனவரியில் வந்திருக்க வேண்டிய 4.0, "இன்னும் ஒரே ஒரு வசதி" என்று தள்ளிக்கொண்டே போகிறது. போதாக்குறைக்கு, லினக்ஸ் இயங்குதளத்தை மென்பொருள்களோடு தொகுத்துத் தரும் விநியோகம் ஒன்று, பதிப்பெண்ணை மாற்றாமலே தன் பொதியில் இந்தத் திருத்தத்தைச் சேர்த்துவிட்டது. "கையில் திருத்தம் இருந்தும் பழைய வரிசைக்குத் தராமல் இருப்பது பயனர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

துரோகம் என்ற சொல்லை முதலில் விலக்கி வைப்போம். உங்கள் கடிதத்தில் கடமை, பயனர்களின் நலன், வெளியீட்டுத் திட்டம் ஆகிய மூன்றும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் விடை இருக்கிறது. பெரும்பாலான விடைகள் நீங்கள் அஞ்சுவதைவிட எளிதானவை. ஆனால் ஓரிடத்தில், அதாவது செர்ரி-பிக் செய்யப்பட்ட அந்தப் பேட்ச் (திருத்த வரிகள்) விஷயத்தில், விடை நீங்கள் நினைப்பதைவிடக் கடினமானது.

உரிமமும் சட்டமும் சொல்வது

எம்ஐடி உரிமம், மென்பொருள் உள்ளது உள்ளபடியே, எந்த உத்தரவாதமும் இன்றித் தரப்படுகிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த நிபந்தனையோடுதான் அந்த நிறுவனம் உங்கள் நிரலை எடுத்துக்கொண்டது. உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், இரண்டு வாரக் கெடு வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

ஐரோப்பியச் சட்டம் என்று அவர்கள் சொல்வது சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தையாகத்தான் இருக்க வேண்டும். அது 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். அந்தக் கடமைகள், டிஜிட்டல் பொருள்களை வணிக நோக்கில் ஐரோப்பியச் சந்தைக்குக் கொண்டுவரும் உற்பத்தியாளர்களுக்கு உரியவை. வணிக நோக்கமின்றித் திறமூல நிரல் எழுதும் தனிநபருக்கு உரியவை அல்ல. சொல்லப்போனால், பிறருடைய திறமூலக் கூறுகளைத் தம் பொருளில் சேர்க்கும் உற்பத்தியாளரே அவற்றை உரிய கவனத்துடன் சரிபார்க்க வேண்டும். கூறு ஒன்றில் பாதுகாப்புக் குறை கண்டால் அதைப் பராமரிப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். தாமே திருத்தம் எழுதியிருந்தால் அதையும் பகிர வேண்டும். ஆக, அவர்கள் காட்டும் சட்டம் அவர்களை நோக்கியே விரல் நீட்டுகிறது. உங்கள் பிழை பாதுகாப்புக் குறை என்ற வகையில் வருமா என்பதே ஐயத்துக்குரியது.

இதனால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரீட்மீயில் உள்ள அந்த ஒற்றை வரியை நம்பி யாரோ திட்டமிட்டிருக்கிறார்கள். சட்டப்படி அது உங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அது நீங்கள் கொடுத்த சொல். தேதி குறிக்காமல் கொடுத்த சொல் என்பதால்தான் அது இன்று உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பேக்போர்ட் ஒரு புதிய மாற்றம்

புதிய கிளையின் திருத்தத்தைப் பழைய கிளைக்குக் கொண்டுபோவதே பேக்போர்ட். முதன்மைக் கிளையில் சரியாக இயங்கும் திருத்தம் பழைய கிளையிலும் சரியாகவே இயங்கும் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க இழையோடுகிறது. இதைத்தான் நான் முக்கியமாக மறுக்க விரும்புகிறேன். திருத்தம் எழுதப்பட்ட சூழல் வேறு, அது போய்ச் சேரும் சூழல் வேறு. நிரல் வரிகள் ஒன்றாக இருந்தாலும், அவற்றைச் சுற்றியுள்ள அனுமானங்கள் மாறியிருக்கும்.

உங்கள் பிழையையே எடுத்துக்கொள்வோம். முதன்மைக் கிளையில் ஒவ்வொரு பதிவும் 48 பைட் நீளம் என்றும், எஞ்சியிருப்பது 48-க்குக் குறைவாக இருந்தால் எக்செப்ஷன் எழுப்புவதே திருத்தம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தின் வேறொரு பத்தியில், இரண்டாம் வரிசையின் பயனர்கள் சிலர், கேட்வே கருவி கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதைப் படிப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு, கடைசிப் பதிவு பாதியாக இருப்பது அன்றாட நிலைமை. அடுத்த முறை படிக்கும்போது அது முழுமையாகியிருக்கும். பாதிப் பதிவை அமைதியாக விட்டுவிடும் அந்த நடத்தையை நம்பித்தான் அவர்களுடைய அமைப்பு ஓடுகிறது. செர்ரி-பிக் செய்த பேட்சை அப்படியே வெளியிட்டால், ஒரு தரப்புக்குப் பதிவு காணாமல் போவது தெரியவரும். மறு தரப்புக்கு இரவில் ஓடும் வேலைகள் அத்தனையும் நின்றுபோகும்.

அவர்கள் வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு முடிவெடுப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். மூன்றுக்குக் கீழே உள்ள எதையும் ஏற்பதாக நிபந்தனை எழுதி வைத்தவர்களின் கணினிகளில், புதிதாக நிறுவல் நடக்கும் ஒவ்வொரு முறையும், பைத்தானின் நிறுவும் கருவியான பிப் உங்கள் புதிய 2 வரிசை வெளியீட்டைத் தானாக இறக்கிக்கொள்ளும். குறிப்பை அவர்கள் பார்ப்பது, ஏதோ உடைந்த பிறகுதான்.

"டெஸ்ட் எல்லாம் பாஸ்" என்பதும் இங்கே ஆறுதல் தராது. இரண்டாம் வரிசையின் டெஸ்ட்களில், பாதியில் அறுந்த கோப்பு ஒன்றுகூட இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். பிழையைச் சோதிக்காத டெஸ்ட்கள், திருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாஸ் ஆகும். ஆகவே டெஸ்டை முதலில் கொண்டுபோங்கள். நூறு பதிவுகள் உள்ள மாதிரிக் கோப்பை எடுத்து, கடைசிப் பத்து பைட்டை வெட்டிவிட்டு, பழைய கிளையில் ஓடவிட்டு, அது ஃபெயில் ஆவதைக் கண்ணால் பாருங்கள். அதன் பிறகு திருத்தத்தைப் போடுங்கள். அந்த டெஸ்ட் பழைய கிளையில் ஃபெயில் ஆகவில்லை என்றால், பிழை அங்கே வேறு வடிவில் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை என்று பொருள். 2014-இல் உலகை உலுக்கிய ஹார்ட்பிளீட் பாதுகாப்புக் குறை, இணையத் தொடர்பை மறையாக்கும் லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லின் 1.0.1 வரிசையில்தான் இருந்தது. அதற்கு முந்தைய 1.0.0, 0.9.8 வரிசைகளில் குறை ஒளிந்திருந்த வசதியே சேர்க்கப்பட்டிருக்கவில்லை என்பதால் குறையும் இல்லை.

மிகுந்த அனுபவமும் கட்டுப்பாடும் உள்ளவர்களுக்கும் பேக்போர்ட் சறுக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழு ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றையும் 5 ஆண்டுகள் பராமரிக்கிறது. சிறு வெளியீடுகளில் திருத்தங்கள் மட்டுமே இடம்பெறும். 2024 நவம்பர் 14 அன்று வந்த 17.1-இலும் அதனுடன் வந்த பழைய வரிசை வெளியீடுகளிலும், ஒரு பிழையைத் தீர்ப்பதற்காக நிரலின் உள்ளே உள்ள தரவுக் கட்டமைப்பு ஒன்றில் ஒரு சிறு புலம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. வழக்கமான எச்சரிக்கையுடன் அதைக் கட்டமைப்பின் கடைசியில்தான் சேர்த்தார்கள். ஆனாலும் கட்டமைப்பின் அளவு கூடியதால், பழைய அளவை நம்பிக் கம்பைல் செய்யப்பட்டிருந்த சில எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் இணைப்பு நிரல்கள்), குறிப்பாக டைம்ஸ்கேல்டிபி, பாதிக்கப்பட்டன. அட்டவணையில் இல்லாத 17.2-ஐ ஒரே வாரத்தில் வெளியிட்டு அதைச் சரிசெய்தார்கள். தன்னார்வலர் ஒருவர் இரவில் தீர்த்த மோதல்களை அவசரமாக வெளியிட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ஸ்டேபிள் (திருத்தங்கள் மட்டும் சேரும் நிலையான) கிளைகளுக்கு உள்ள விதிகளை நீங்கள் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் படித்துப் பாருங்கள். திருத்தம் முதலில் முதன்மைக் கிளையில் சேர்ந்திருக்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் சரி என்று தெரிவதாகவும் சோதிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். சூழல் வரிகளையும் சேர்த்து 100 வரிகளைத் தாண்டக் கூடாது. உங்கள் மூலக் கமிட்டில் திருத்தமும் மறுசீரமைப்பும் ஒன்றாகக் கலந்திருப்பதுதான் அத்தனை மோதல்களுக்கும் காரணம். இனிமேல் திருத்தத்தைத் தனிக் கமிட்டாகவும், மறுசீரமைப்பை அதன் மேல் இன்னொன்றாகவும் வையுங்கள். பழைய கிளைக்கு எடுக்கும்போது, மூலக் கமிட்டின் அடையாளம் செய்தியில் பதிவாகும்படி, செர்ரி-பிக்கின் '-x' தேர்வைப் பயன்படுத்துங்கள். பின்னாளில் அந்தத் திருத்தத்திலேயே ஒரு குறை தெரியவந்தால், அது எந்தெந்தக் கிளைக்குப் போயிருக்கிறது என்று தேட அந்த ஒரு வரிதான் உதவும். 2021 டிசம்பரில் ஜாவா நிரல்கள் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியின் குழு 2.15.0-இல் தந்த பாதுகாப்புத் திருத்தம் போதாமல், 2.16.0, 2.17.0 என்று அடுத்தடுத்து வெளியிட நேர்ந்ததை நீங்களே அறிவீர்கள்.

வரிசைக்கு ஒரு தீர்வு

இங்கே உள்ளது தரவு காணாமல் போகும் பிழை. எவ்வளவு கறாரான பராமரிப்பு விதியிலும் இது பேக்போர்ட் செய்யத் தகுந்ததுதான். பைத்தானில் இணையதளம் அமைக்க உதவும் ஜாங்கோவின் குழுவும் பழைய வரிசைகளுக்கு எல்லாத் திருத்தங்களையும் கொண்டுபோவதில்லை. ஆனால் தரவு இழப்பு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. எனவே கேள்வி தருவதா மறுப்பதா என்பதைவிட, எந்த வடிவில் தருவது என்பதே.

என் பரிந்துரை இது. 4.0-இல் எக்செப்ஷனே இயல்பு நடத்தையாக இருக்கட்டும்; பெரிய பதிப்பு என்பது அப்படிப்பட்ட மாற்றத்துக்குத்தான். மூன்றாம் வரிசையில் நடத்தையை மாற்றாதீர்கள். பாதிப் பதிவு விடப்பட்டதை லாகில், அதாவது நிரலின் இயக்கக் குறிப்பேட்டில், எழுதுங்கள். விரும்புவோர் கண்டிப்பான நடத்தையைத் தேர்ந்தெடுக்க ஓர் அளவுருவைச் சேர்த்து, அதை இயல்பில் அணைத்தே வையுங்கள். பைத்தானின் வார்னிங் வசதியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வார்னிங்குகளை எல்லாம் எரராக மாற்றி ஓடவிடுவோர் பலர் உண்டு, அவர்களுக்கு அது எக்செப்ஷனாகவே போய்ச் சேரும். இரண்டாம் வரிசைக்கு லாக் செய்தி மட்டும் போதும். புது அளவுருகூட வேண்டாம். கோப்பைப் பிரித்துப் படிக்கும் அதன் டீகோடர் அமைப்பே வேறு என்பதால், செர்ரி-பிக்கை விட்டுவிட்டு, அந்தச் சில வரிகளைப் புதிதாக எழுதுவதுதான் பாதுகாப்பானது. ஆர்வலருடைய உழைப்பு வீணாகிவிடுமே என்று தயங்காதீர்கள். காரணத்தைச் சொல்லி, அந்தப் புதிய பேட்சையும் டெஸ்டையும் அவரையே எழுதச் சொல்லுங்கள்.

அந்த வெளியீட்டுடன், இரண்டாம் வரிசையின் முடிவுத் தேதியையும் அறிவித்துவிடுங்கள். ஆறு மாதம் நியாயமான அவகாசம். அந்த ஆறு மாதத்தில் பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே வரும் என்றும், அதன்பின் எதுவும் வராது என்றும் ரீட்மீயில் அந்தப் பழைய வரி இருந்த இடத்திலேயே எழுதுங்கள். கெர்னல் பராமரிப்பாளர்களே தங்கள் நீண்டகால ஆதரவு வரிசைகளுக்கு 6 ஆண்டுகள் வரை ஆதரவளித்த வழக்கத்தை விட்டு, 2 ஆண்டுகளுக்குத் திரும்புவதாக 2023-இல் தெரிவித்தார்கள். பலருக்குச் சம்பளம் கிடைக்கும் திட்டத்திலேயே அந்தச் சுமை பெரிதென்றால், தனி ஆளான நீங்கள் குற்றவுணர்வு கொள்ள இடமில்லை.

4.0-க்கு ஒரு தேதி

வசதிகள் முடிந்ததும் வெளியிடுவது என்று வைத்திருக்கும் வரை 4.0 வராது. வசதி கேட்பவர்களின் மேல் தவறில்லை. இந்தப் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாதபோது எல்லோரும் இதிலேயே ஏறத்தான் பார்ப்பார்கள். கெர்னலில் 9 அல்லது 10 வாரத்துக்கு ஒரு வெளியீடு உறுதி. முதல் 2 வாரம் மட்டுமே புதிய வசதிகள் ஏற்கப்படும். தவறவிட்டது அடுத்த சுற்றுக்குப் போகும். பைத்தான் மொழிக்கு ஆண்டுக்கு ஒன்று. உங்கள் அளவுக்கு ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பே தாராளம். இப்போது நிலுவையில் உள்ள கோரிக்கைகளை 4.1-க்கு நகர்த்தி, வெளியீட்டுக் கிளையைப் பிரித்து, 4.0ஆர்சி1 என்ற முன்வெளியீட்டை வெளியிடுங்கள். தனியாகக் கேட்காதவரை பிப் முன்வெளியீடுகளை நிறுவாது என்பதால் யாருக்கும் இடையூறு இருக்காது. எல்லாப் பிழையும் தீர்ந்த பிறகே 4.0 என்றும் காத்திருக்க வேண்டாம். 3 வரிசையில் இல்லாத புதுப் பிழைகளையும் தரவைக் கெடுக்கும் பிழைகளையும் மட்டும் வெளியீட்டைத் தடுப்பவையாகக் கொள்ளுங்கள்.

வெளியிடும் உரிமை

அறிமுகமில்லாதவர் கேட்கும் வெளியீட்டு உரிமையை இப்போது தராதீர்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார் என்று நானும் நம்ப விரும்புகிறேன். ஆனால் 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்திய எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் சம்பவத்தை நினைவில் வையுங்கள். தனி ஆளாகக் களைத்திருந்த பராமரிப்பாளருக்கு ஒருபுறம் அழுத்தம் வந்தது, மறுபுறம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவிசெய்து நம்பிக்கை பெற்று, வெளியிடும் நிலைக்கு உயர்ந்தார், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் நுழைந்தது. அதை இயக்கிவைக்கும் முக்கியமான ஸ்கிரிப்ட் வரி, எல்லோரும் நிரலைப் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக் கோப்புகளில் மட்டும்தான் இருந்தது. நிரல் எழுதும் அனுமதியும் வெளியிடும் அனுமதியும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவருக்குச் செய்ய நிறைய இருக்கிறது. பேட்ச் அனுப்பலாம், டெஸ்ட் எழுதலாம், பிழை அறிக்கைகளை வகைப்படுத்தலாம். வெளியீட்டை மட்டும், பைத்தான் பொதிகளை வெளியிடும் தளமான பைபிஐயின் ட்ரஸ்டட் பப்ளிஷிங் வசதி வழியாக, களஞ்சியத்தில் உள்ள டேகிலிருந்து (பதிப்பு அடையாளத்திலிருந்து) தானாகக் கட்டப்படும்படியும், உங்கள் ஒப்புதல் இல்லாமல் நடக்காதபடியும் அமைத்துவிடுங்கள். தவறான வெளியீடு போய்விட்டால் அதை யாங்க் செய்யலாம், அதாவது புதிதாக நிறுவுவோருக்குப் போகாதபடி ஒதுக்கலாம்; ஆனால் அதே பெயரில் மறுபடி கோப்பேற்ற முடியாது, அடுத்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

லினக்ஸ் விநியோகம் பற்றிய உங்கள் வருத்தம் தேவையற்றது. உரிமம் அதற்கு இடம் தருகிறது. நிலையான பதிப்புகளில் அதுவே மரபும்கூட. ஹார்ட்பிளீட் நேரத்தில் டெபியன் விநியோகம், ஓபன்எஸ்எஸ்எல்லின் திருத்தப்பட்ட 1.0.1ஜி-க்கு மாறவில்லை, 1.0.1இ என்ற எண்ணையே வைத்துக்கொண்டு, அதன் பின்னொட்டை மட்டும் உயர்த்தித் திருத்தத்தைச் சேர்த்தது. ஆனால் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்: அவர்கள் போடும் பேட்ச் ஒவ்வொன்றும் உங்கள் பார்வைக்கும் வரட்டும். 2006-இல் டெபியனில் மட்டும் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தால் ஓபன்எஸ்எஸ்எல் உருவாக்கிய சாவிகள் ஊகிக்கத்தக்கவையாகி, 2008 மே வரை யாருக்கும் தெரியாமலே இருந்தன. உங்கள் விஷயத்தில் அவசரமான காரணமும் உண்டு: அவர்கள் சேர்த்தது எக்செப்ஷன் எழுப்பும் வடிவம் என்றால், கோப்பை எழுதும்போதே படிக்கும் பயனர்கள் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்.

இனி அந்த நிறுவனம். பணம் கொடுத்தால் இரண்டாம் வரிசையை நீட்டிக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக, அது நேர்மையான வழி. நன்கொடையோ நிதியுதவியோ பெறுவது மட்டுமே உங்களை அந்த ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் உற்பத்தியாளராக்கிவிடாது. ஆனால் லாபநோக்கில் கட்டண ஆதரவு தரத் தொடங்கினால், அது வணிகச் செயல்பாடாகக் கருதப்பட வாய்ப்பு உண்டு. கையெழுத்திடும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். அதைவிட முன்னதாக, உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றியும், பணிக்காலத்தில் நீங்கள் எழுதும் நிரலின் உரிமை பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். இலவசமாகச் செய்தவரை கண்டுகொள்ளாத, நீங்கள் வேலைபார்க்கும் நிறுவனம், பணம் வரத் தொடங்கியதும் கேள்வி கேட்கலாம்.

ஜெர்மானிய நிறுவனத்துக்கான பதில் சுருக்கமாக இருக்கட்டும்: "பிழையைத் தெரிவித்ததற்கு நன்றி. இரண்டாம் வரிசைக்கு, நடத்தையை மாற்றாத சிறு திருத்தம் ஒன்று, உரிய சோதனைக்குப் பின் வெளியாகும். அது எப்போது என்று இப்போது உறுதி கூற இயலாது. உங்களிடம் பாதியில் அறுந்த உண்மையான கோப்புகள் இருந்தால், வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு அனுப்புங்கள்; அவற்றை டெஸ்டாகச் சேர்க்கிறேன். இரண்டாம் வரிசையின் பராமரிப்பு ஆறு மாதத்தில் நிறைவடைகிறது. மூன்றாம் வரிசைக்கு மாறுவதில் இடர்ப்பாடு இருந்தால் எழுதுங்கள்." அவர்கள் வைத்த கெடு முடியும்வரை காத்திராமல், இந்தப் பதிலை இன்றே அனுப்பிவிடுங்கள்.